ரகசியப் பதிவைக் கோர்ட் ஏற்குமா?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு நடக்கிறது. நாங்கள் போனில் சண்டை போட்டதையெல்லாம் எனக்குத் தெரியாமல் பதிவு செய்து வைத்திருக்கிறார். போதாததற்கு, என் போனில் ஏதோ ஒரு செயலியைப் போட்டு, அக்காவோடு நான் பேசியதையும் எடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுத் தாக்கல் செய்துவிட்டார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்கிறார்களே, கோர்ட் இதை ஏற்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: பென் டிரைவ் ஒன்றுதான், உள்ளே இருப்பவை இரண்டு வேறு விஷயங்கள். அவரே உங்களோடு பேசியது ஒன்று. நீங்கள் அக்காவோடு பேசியதை ஒட்டுக்கேட்டது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆட்சேபணையில் கலக்க வேண்டாம் என்று உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

முதலாவதில் சட்டம் இப்போது அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. விபோர் கர்க் – நேஹா வழக்கில், மனைவியோடு தான் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். அது அந்தரங்க மீறல் என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2021-ல் ஒதுக்கியது. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, பதிவுகளைச் சாட்சியமாக அனுமதித்தது. தம்பதியர் பேச்சுக்குக் காப்பளிப்பது 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 122-ம் பிரிவு. இன்றைய பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமில் அது 128. கணவன் மனைவிக்கு இடையிலான வழக்குக்கு அந்தப் பிரிவே விலக்கு தருகிறது. தவிர, அது மண உறவைக் காக்க எழுதப்பட்டதே அன்றி அந்தரங்கத்துக்காக அல்ல என்றது நீதிமன்றம். வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்ட திருமணத்தில் நம்பிக்கை ஏற்கெனவே போய்விட்டது என்பதும் அதன் வாதம்.

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ரகசியப் பதிவு குறித்த நம் சட்டம் இன்னமும் மல்கானி வழக்கின் 1972 தீர்ப்பில் கால் ஊன்றி நிற்கிறது. பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதித்து, போலீஸ் டெலிபோனில் டேப் ரிக்கார்டரை இணைத்த லஞ்ச வழக்கு அது. கருவியைக் கொண்டுவந்து பொருத்த வேண்டியிருந்த காலம். இன்று ஒரு தொடுதலில் ஆண்டுக்கணக்கான பேச்சு சேமிப்பில் ஏறிவிடுகிறது. கோபத்தில் கொட்டிய பத்து நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்துத் தரலாம். சீண்டிப் பேசவைத்துப் பதிவு செய்யலாம். 2017-ல் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்களே தவிர, ஒரே கூரைக்குள் இருக்கும் இருவருக்கிடையே அது எப்படிச் செயல்படும் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

அக்காவோடு பேசிய பதிவில் உங்களுக்கு வலு அதிகம். 2024 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் முன் வந்த வழக்கில், மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் எடுத்துத் தாக்கல் செய்திருந்தார். தம்பதியருக்குள்ளும் அந்தரங்கம் உண்டு, அதை மீறி எடுத்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இதை மட்டும் நம்பி வாதாட முடியாது. ஆனால் விபோர் கர்க் வழக்கில் பதிவானது கணவர் தாமே பேசிய பேச்சு என்ற வேறுபாட்டை அழுத்திச் சொல்லலாம்.

ஆவணமாக ஏற்கப்பட்டாலும் எடுத்த விதம் குற்றமாகலாம். ஒரு பெண்ணின் மின்னணுத் தொடர்பைக் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு மூன்றாண்டு வரை சிறை. ‘எந்த ஆணும்’ என்கிறது பிரிவு; கணவனுக்குத் தனி விலக்கு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளும் பொருந்தலாம். “போன் நான் வாங்கிக் கொடுத்தது” என்று அவர் தரப்பு சொல்லும். ரசீது உங்கள் பெயரில் இருந்தால் எடுத்து வையுங்கள். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்ப வேண்டாம். தனிநபர் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாளும் தரவை அது தொடுவதில்லை.

இனி உடனடி வேலை. பென் டிரைவின் முழு நகல் கேளுங்கள். மின்னணு ஆவணத்துக்கு சாக்‌ஷ்ய அதிநியம் கேட்கும் 63(4) சான்றிதழ் ஹேஷ் மதிப்போடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆவணம் குறியீடு செய்யப்படும் முன்பே ஆட்சேபியுங்கள். குரலை ஏஐ உருவாக்கித் தரும் காலம் இது. சந்தேகம் இருந்தால் மூலப்பதிவைத் தடயவியல் சோதனைக்கு அனுப்ப மனு போடலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்வரை அந்தச் செயலியை நீக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள். அவர் வேவு பார்த்ததற்கு இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் ஆதாரம் அந்தப் போன்தான்.