திரைச்சீலையில் எழுந்தருளும் ஜகந்நாதர்

ஒடிசாவில் உள்ள புரி கோயிலில் ஆண்டுதோறும் ஜ்யேஷ்ட பௌர்ணமியன்று ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை ஆகியோருக்கு 108 குட நீரால் திருமஞ்சனம் நடைபெறுகிறது. அந்நீராட்டினால் இறைவனுக்குக் காய்ச்சல் கண்டுவிடுவதாக ஐதிகம். அதன்பின் ஏறத்தாழ 15 நாள்கள் மூர்த்திகளின் தரிசனம் பக்தர்களுக்குக் கிட்டாது. ‘அனவசரம்’ எனப்படும் அந்நாள்களில் மூங்கில் தட்டியின் மீது தொங்கவிடப்பெறும் மூன்று ஓவியங்களுக்கே வழிபாடு. ‘அனசர பட்டி’ என்று அவற்றை அழைப்பர்.

பரம்பரைச் சித்திரக்காரர்கள் உணவில் கட்டுப்பாடு காத்து, விரதமிருந்து இவற்றைத் தீட்டுகின்றனர். புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் பூசி மெருகேற்றிய துணியே தளம். சங்கிலிருந்து வெண்மை, இங்குலிகத்திலிருந்து செம்மை, விளக்குப் புகையிலிருந்து கருமை.

இவ்வோவியங்களில் சிந்தனைக்குரிய செய்தி ஒன்று உண்டு. மரத்தாலான ஜகந்நாதருக்கு விரல்களோடு கூடிய கைகள் இல்லை, பாதங்கள் இல்லை, இமையற்ற வட்டக் கண்களே திருமுகத்தை நிறைத்திருக்கின்றன. ஓவியத்திலோ அவர் நான்கு திருக்கரங்களில் சங்கும் சக்கரமும் கதையும் தாமரையும் ஏந்திப் பத்மாசனத்தில் வீற்றிருக்கும் அனந்த நாராயணர். வெண்ணிறப் பலபத்திரர் அனந்த வாசுதேவராகிறார். மரத்தில் கைகளே இல்லாத சுபத்திரை, புவனேசுவரியாக நான்கு கரங்களோடு காட்சியளிக்கிறாள்.

மூல மூர்த்தியின் நகலைத் தொங்கவிடுவதே நோக்கமானால், வட்டக் கண்களையல்லவா வரைந்திருக்க வேண்டும்? எனவே பட்டியை வெறும் பதிலி என்று கொள்வது பொருந்தாது. கைகால் இன்றியும் செயல்படும் பரம்பொருளைப் பேசுகிறது சுவேதாசுவதர உபநிடதம். மர மூர்த்தியை அதற்கு விளக்கமாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. அவ்வாறாயின், உருவத்தைக் கடந்தது போல் நிற்கும் அவ்வடிவம் மறையும்போது, மனம் பற்றிக்கொள்ளத் தக்க சகுண வடிவம் பக்தனின் முன் வைக்கப்படுகிறது எனலாம். தியானத்தில் அமரும் சாதகனுக்கு இது புதிதன்று: கண் முன் உள்ள திருவுருவம் அகன்றபின், அவன் உள்ளத்தில் வரைந்துகொள்ள முயல்வதும் கரங்களும் ஆயுதங்களும் கொண்ட உருவத்தையே.

கருமை, வெண்மை, மஞ்சள் ஆகிய மூவரின் நிறங்களையும் முக்குணங்களோடு பொருத்திக் காட்டுவோரும் உளர். சுவையான விளக்கம்தான், ஆயினும் கணக்குப் பார்ப்பது போல் நிறத்துக்கொரு குணம் என்று ஒதுக்கும்போது, எதிரிலுள்ள தெய்வம் மறந்துபோகிறது.

அனவசரத்திற்கு நடைமுறைக் காரணமும் இல்லாமலில்லை. திருமஞ்சன நீரால் மர மூர்த்திகளின் வண்ணம் கலைகிறது. தைத்தர்கள் எனப்படும் சேவகர்கள் மறைவில் சிகிச்சை செய்வது போலவே பணிவிடை புரிகின்றனர், வண்ணங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. நிறைவாகத் திருக்கண்கள் எழுதப்படுகின்றன. ரத யாத்திரைக்கு முன்னர் நிகழும் நவயௌவன தரிசனத்தில் கூட்டம் முண்டியடித்துக் காண்பது, மீண்டும் அந்த இமையற்ற கண்களையே.