முதல் பிரீமியம் கப்பல்: பணம் கட்டுமுன் அக்கா சொல்வதைக் கேள்

தம்பி, வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ் ஆட ஆரம்பித்த நாலாம் நாளே கடைப் பக்கம் கண் போகும். பெரிய பெரிய கப்பல், தள்ளுபடி, ‘இன்னும் சில மணி நேரம்தான்’ என்று ஓடும் கடிகாரம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்து அவசரப்படாதே. இப்போது போகிற கப்பல்களில் பெரும்பாலானவை பிறகு மறுபடியும் விற்பனைக்கு வரும்.

பிரீமியம் கப்பல் வாங்கினால் ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதே. அதனால் கிடைக்கும் லாபமே வேறு. ஒவ்வொரு போருக்கும் கிரெடிட் கூடுதலாக வரும். அதே நாட்டின் வேறு கப்பலில் இருக்கும் கேப்டனை, மறுபயிற்சி இல்லாமலே இதில் ஏற்றிப் பழக்கலாம். ஆராய்ச்சி செய்து ஒவ்வொரு பாகமாகத் திறக்கும் வேலையும் கிடையாது. அதனால் எந்த நாட்டுக் கப்பல் வரிசையில் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கிறாயோ, அந்த நாட்டுக் கப்பலையே வாங்கு. ஜெர்மன் வரிசை ஆடிக்கொண்டு ஜப்பான் கப்பல் வாங்கினால் கேப்டன் விஷயத்தில் பாதிப் பயன் வீண்.

முதல் கப்பல் டியர் (கப்பலின் படிநிலை) 6 அல்லது 7-ஐத் தாண்ட வேண்டாம். இதை மட்டும் நான் அழுத்தியே சொல்வேன். டியர் 8 கப்பலில் போனால் டியர் 10 கப்பல்களும் எதிரில் நிற்கும். அவற்றை ஆடுகிறவர்கள் படிப்படியாக ஆடி மேலே வந்தவர்கள். எந்தத் தீவுக்குப் பின்னால் யார் ஒளிந்திருப்பார் என்று அவர்களுக்கு மனப்பாடம். டிர்பிட்ஸ் அருமையான கப்பல்தான், ஆனால் அது டியர் 8. புதுசாக வந்த பிள்ளை அதில் ஏறினால் இரண்டே நிமிடத்தில் மூழ்கி, மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால் ஷார்ன்ஹார்ஸ்ட். டியர் 7, ஜெர்மன் போர்க்கப்பல். 283 மி.மீ. பீரங்கி ஒன்பது. மற்ற போர்க்கப்பல்கள் மறுபடி சுட அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும்போது இது 20 விநாடியில் சுட்டுவிடும். வேகமும் உண்டு, தப்பு செய்தாலும் ஓடித் தப்பலாம். 6 கிலோமீட்டருக்குள் வந்தவனுக்கு டார்பிடோவும் வைத்திருக்கிறது.

சுடும்போது எதிரிக் கப்பலின் புகைபோக்கிகளைப் பார். அவை தனித்தனியாக, நடுவில் நல்ல இடைவெளியோடு தெரிந்தால் அவன் விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். கவசத்தைத் துளைக்கும் ஏபி குண்டு போடு. க்ரூஸராக இருந்தால் ஒரே சுற்றில் பாதி உயிர் போகும். ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டித் தெரிந்தால் மூக்கைக் காட்டுகிறான். வெடித்துத் தீ வைக்கும் ஹெச்இ குண்டு போடு, தீயாவது பிடிக்கும். உன் கப்பலை அவன் எப்படிப் பார்க்கிறான் என்பதையும் இதே கணக்கில் யோசி. விலாவைக் காட்டாதே.

திட்டக்குடி பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் பல வீடுகளில் ஆட்டம் ஓடுகிறது. பிங் ஏறி இறங்கும். அதற்கும் போர்க்கப்பல்தான் தோது. டெஸ்ட்ராயரில் அரை விநாடி பிந்தினால் டார்பிடோ வந்து மோதிவிடும். போர்க்கப்பலில் நிதானித்துச் சுட நேரம் இருக்கிறது.

பிரிட்டிஷ் வரிசை ஆடுகிறவர்களுக்கு வார்ஸ்பைட், டியர் 6. 381 மி.மீ. பீரங்கி எட்டு, அடி பலம். ஆனால் மெதுவாகப் போகும், கோபுரமும் மெதுவாகத் திரும்பும். பொறுமை இருந்தால் வாங்கு.

ஜெர்மன் கப்பல் கிராஃப் ஷ்பே மேல் எனக்குத் தனிப் பிரியம். 1939 டிசம்பர் 13 அன்று ரிவர் பிளேட் முகத்துவாரத்தில் அதை எதிர்த்து நின்ற மூன்று கப்பல்களில் ஒன்று அக்கிலீஸ். அதே அக்கிலீஸ் 1948-ல் நம் கடற்படைக்கு வந்து, ஐ.என்.எஸ். டெல்லி ஆனது. ஆட்டத்தில் ஷ்பே டியர் 6 க்ரூஸர். க்ரூஸருக்குப் போர்க்கப்பல் பீரங்கி, அதுவும் ஆறே ஆறு. ஒவ்வொரு சுற்றும் குறி பார்த்துப் போட வேண்டும். இரண்டாவது கப்பலாக வாங்கினால் ருசிக்கும்.

எம்டன் பெயரைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஆசை வரும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பல் அல்லவா! ஆட்டத்தில் அது டியர் 2. கிரெடிட் சேர்க்க உதவாது. இலவசமாக வந்தால் வைத்துக்கொள்.

அட்லாண்டா என்ற க்ரூஸர் பக்கம் இப்போது போகாதே. சின்னப் பீரங்கி பதினாறு படபடவென்று சுடுவதை வீடியோவில் பார்க்க ஆசையாக இருக்கும். கவசம் மெல்லிசு. தீவுக்குப் பின்னால் நின்று ஆடத் தெரியாதவன் கையில் அது நிற்காது.

விருத்தாசலத்தில் ஊறுகாய் ஜாடி வாங்கினால் தட்டிப் பார்த்து, ஓசை கேட்டுத்தானே எடுக்கிறோம்? கப்பலையும் தட்டிப் பார். அது ஜெயிக்கும் வீடியோவை விடு. தோற்கும் வீடியோ நாலைத் தேடிப் பார். எப்படிச் சாகிறது என்று தெரிந்தால்தான் உனக்குச் சரிப்படுமா என்று தெரியும்.

கோல் என்று ஒன்று ஆடும்போதே சேரும். அதைக் கண்ட சாமானில் செலவழிக்காதே. சேர்த்து வைத்தால் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஆர்மரி கடையில் காசே இல்லாமல் கப்பல் எடுக்கலாம். அதில் வருவது பெரும்பாலும் உயர் டியர்தான். அதற்குள் உன் ஆட்டமும் தேறியிருக்கும்.

பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டிகளைத் தொடவே கூடாது. உள்ளே நீ கேட்ட கப்பல் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. பெல்ஜியம் 2018-லேயே இதைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. எந்தக் கப்பல் வேண்டுமோ அதன் பெயரைப் பார்த்து, விலையைப் பார்த்து, நேராக வாங்கு.

பணம் கட்டுமுன் உன் கணக்கு ஆசியா சர்வரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஒரு சர்வரில் வாங்கியது இன்னொன்றில் வராது. போனில் ஆடும் பிளிட்ஸ் தனி ஆட்டம், கம்ப்யூட்டரில் வாங்கிய கப்பல் அங்கே இருக்காது. அப்பா போனில் யுபிஐ போடுவதாக இருந்தால், தொகையை முதலில் அவரிடம் சொல்லிவிட்டுப் போடு.