பிரதி தவறும்போது: இரு சர்வர்களின் பதிவுகளை ஒத்திருக்கச் செய்தல்

பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டிற்குப் பிரதி ஒன்று எழுதி, அதை வேறு கட்டிடத்தில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். தீயினால் மூலப் பதிவேடு அழிந்தால் பிரதி கைகொடுக்கும். ஆனால் மூலத்தில் நீக்கப்பட்ட மாணவனின் பெயர் பிரதியில் நீக்கப்படாமல் இருந்தால் எதை நம்புவது? கணிப்பொறித் தரவுத்தளங்களிலும் இவ்வினா நாள்தோறும் எழுகிறது.

ஆதார் எண் வழங்கும் இந்திய தனித்துவ அடையாள ஆணையத்திற்குப் பெங்களூரின் ஹெப்பாலில் ஒரு தரவு மையமும், ஹரியானாவின் மானேசரில் மற்றொன்றும் உண்டு. இரண்டிற்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தொலைவு. ஓரிடத்தில் இடர் நேரினும் மற்றோரிடத்தில் பதிவுகள் காக்கப்பட வேண்டும் என்பதே இத்தகைய இரட்டை ஏற்பாடுகளின் பயன். ஆயின் கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டரே செல்லும். இத்தொலைவைக் கடந்து மறுமொழி திரும்புவதற்கு விநாடியில் ஆயிரத்தில் 17 பங்கேனும் வேண்டும். ஒவ்வொரு பதிவிற்கும் மறுமொழியை எதிர்பார்த்து நின்றால் வேலை தாமதப்படும். நில்லாமற் சென்றால் பிரதி சற்றே பின்தங்கும். தொலைவிலுள்ள பிரதிகளுக்குப் பெரும்பாலும் இரண்டாம் முறையே கையாளப்படுகிறது.

பல தரவுத்தளங்களுக்குப் பொதுவான முறை யாதெனில், மூல சர்வர் தன்னிடம் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசை பிறழாமல் ஒரு மாற்றக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும். பிரதி சர்வர் அக்குறிப்புகளை வாங்கி, அதே வரிசையில் தன்னிடம் நிறைவேற்றும். ஆகவே கோளாறு மூன்று வகைப்படும்: குறிப்பு வந்து சேராமை, வந்தும் நிறைவேறாமை, நிறைவேறியும் பதிவுகள் வேறுபட்டிருத்தல்.

முதல் வகையில் வலையிணைப்பு, கடவுச்சொல், சர்வர் எண் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு சர்வரை அப்படியே நகலெடுத்து மற்றொன்றை அமைக்கும்போது இரண்டிற்கும் ஒரே எண் அமைந்துவிடுவது வழக்கமான பிழை. மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் 'ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்' என்ற கட்டளை, குறிப்பை வாங்கும் பகுதியும் நிறைவேற்றும் பகுதியும் இயங்குகின்றனவா என்று தனித்தனியே காட்டும். அதில் பின்னடைவு 0 விநாடி என்று கண்டு ஏமாறலாகாது. அக்கணக்கு பிரதிக்கு வந்து சேர்ந்த குறிப்புகளைக் கொண்டே செய்யப்படுவதால், இணைப்பு மந்தமாயினும் 0 என்றே காட்டக்கூடும். நிமிடந்தோறும் மூலத்தில் நேரத்தை ஒரு வரியாக எழுதி, அவ்வரியைப் பிரதியில் படித்துப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

இரண்டாம் வகையில், ஒரே எண்ணுள்ள வரி ஏற்கெனவே உள்ளது என்ற பிழைச்செய்தியோடு பிரதி நின்றுவிடுவதுண்டு. யாரோ பிரதியில் நேரடியாக எழுதிவிட்டதே பெரும்பாலும் இதன் காரணம். அக்குறிப்பைத் தாண்டிச் செல்லுமாறு ஆணையிட்டால் பிரதி உடனே ஓடத் தொடங்கும். ஆனால் இரு பதிவுகளும் அன்று முதல் வேறுபடும். இதுவே மூன்றாம் வகையாகிய மறைமுகக் கோளாறு. நின்றுபோன பிரதி தன் பிழையைத் தானே அறிவிக்கிறது. வேறுபட்டும் ஓடிக்கொண்டிருக்கும் பிரதியோ, மூலம் அழிந்த நாளில்தான் தன் குறையைக் காட்டும். ஆகவே தாண்டுவதற்கு முன் அவ்வரியை இரு புறமும் ஒப்பிடுக. பிரதியைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக அமைத்திடுக.

அவசரத்தின் விளைவுக்குச் சான்று ஒன்று உண்டு. மென்பொருள் எழுதுவோர் தம் பணியைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற சேவையில், 2017 ஜனவரி 31 அன்று வேலைப் பளு மிகுந்து பிரதி பின்தங்கியது. அது வாங்கிக்கொள்ளு முன்னரே மூலம் பழைய குறிப்புகளை நீக்கிவிட்டமையால், பிரதியைப் புதிதாக அமைக்க வேண்டியதாயிற்று. பிரதியிலுள்ள தரவுகளை அழிக்க எண்ணிய பொறியாளர் தவறுதலாக மூல சர்வரிலேயே அழித்தார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தியபோதிலும், சுமார் 300 ஜிகாபைட்டில் ஏறத்தாழ 4.5 ஜிகாபைட்டே எஞ்சியது. நாள்தோறும் எடுக்கப்பட்டதாகக் கருதிய காப்பு நகல்கள், மென்பொருட் பதிப்பு பொருந்தாமையால் உருவாகவே இல்லை. வேறொரு சோதனைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த நகலே உதவிற்று. இடைப்பட்ட பதிவுகள் மீளவில்லை.

எனவே பழுது நீக்குவோர், தாம் அமர்ந்திருப்பது எந்த சர்வரில் என்பதை முதலில் உறுதி செய்தல் வேண்டும். எதையும் அழிக்கு முன் இரு புறமும் நகலெடுத்து, அந்நகலிலிருந்து பதிவுகள் மீள்கின்றனவா என்றும் சோதித்தல் வேண்டும். பிரதி நெடுநேரம் நின்றாலும் தேவைப்படும் குறிப்புகள் மூலத்தில் இருக்குமாறு போதிய காலம் அவற்றை வைத்திருப்பதும் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே விளக்கலாம். இரு மாணவரிடம் ஒரே பெயர்ப்பட்டியலைத் தருக. முதல்வர் செய்யும் திருத்தங்களை எண்ணிட்ட சீட்டுகளாக இரண்டாமவருக்கு அனுப்புக. நடுவே ஒரு சீட்டை மறைத்துவிடுக. எண்ணைப் பார்க்கும் மாணவர் உடனே நிறுத்திக் கேட்பார். எண்ணைப் பாராதவர் தம் பட்டியல் சரியென்றே இறுதிவரை நம்பியிருப்பார்.