குறட்டைக்குச் சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான்

என் வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை ஒன்று மூன்றாகியும் பிரஷர் இறங்கவில்லை. கோளாறு தொண்டையில் இருந்தது. நான்தான் முதலில் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்குச் சொந்தத் தறி. கோர்வைச் சேலைக்கு ஓரத்தில் உட்கார்ந்து நாடா போட இன்னோர் ஆள் வேண்டும், அது நான். பகலில் தறியிலும் இரவில் பாயிலும் அவர் பக்கத்திலேயே இருக்கிறேன். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். மிதியை மிதித்தும் இழை பிரியாத தறி மாதிரி, நெஞ்சு எழும்பித் தாழும், காற்று மட்டும் உள்ளே போகாது. பிறகு உடம்பைத் தூக்கிப்போட்டு, பெரிய இரைச்சலோடு மூச்சு திரும்பும். காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். வேலை நடுவில் கண் சொருகும். உடலும் கரையும் சேரும் இடத்தில் கோர்வை பிசகும்; கூலியில் பிடிப்பார்கள்.

"உழைச்ச உடம்பு அசந்து தூங்குது, நீ ஏம்மா முழிச்சுக் கிடக்கறே?" என்றார் மூத்தார். அதையாவது பொறுக்கலாம். பிரஷருக்குப் போன ஆஸ்பத்திரியில் என்னை வெளியே நிறுத்திவிட்டு, "தூக்கம் எப்படி?" என்று அவரிடமே கேட்டார்கள். தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நின்றது எப்படித் தெரியும்? எங்களுக்குப் பெரிய நஷ்டம் இந்த ஒரு கேள்வியால்தான். வருஷக்கணக்கில் மாத்திரைதான் கூடியது. படபடப்பு என்று மறுபடி ஓடியபோது, எக்கோவில் இதயச் சுவர் தடித்திருந்தது. துடிப்பும் சீராக இல்லை.

ஸ்லீப் ஆப்னியா என்று பிறகுதான் தெரிந்தது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது, பிரஷர் எகிறுகிறது. இரவில் ஓய்வெடுக்க வேண்டிய இதயத்துக்கு விடியவிடிய இதே பாடு. இரத்த அழுத்தம், துடிப்புக் கோளாறு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. இதய நோயாளிகளில் 40 முதல் 80 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் சொன்னது. இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தபோது மருத்துவர் சொன்ன காரணமும் இதுதான்.

நான் சொல்வதைச் செய்யுங்கள்.

போனைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்து, நெஞ்சும் முகமும் தெரிய வீடியோ எடுங்கள். என் பேச்சை நம்பாதவர்கள் அதைத்தான் நம்பினார்கள்.

டாக்டர் அறைக்குள் கூடவே போங்கள். வெளியே இருக்கச் சொன்னாலும், "ராத்திரி பாக்கறது நான்தாங்க" என்று சொல்லி உள்ளே நில்லுங்கள்.

குண்டாக இருப்பவருக்குத்தான் வரும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இவர் ஒல்லி. தாடை சிறுத்து, தொண்டை குறுகலாக இருந்தாலும் வரும்.

ஸ்லீப் ஸ்டடி கேட்டு வாங்குங்கள். பத்து விநாடியாவது மூச்சு நிற்பதையும் குறைவதையும் எண்ணுவார்கள். மணிக்கு 5 தாண்டினாலே கோளாறு, 30 தாண்டினால் கடுமை. இவருக்குக் கடுமை.

படுக்கும் முன் மது வேண்டாம். தூக்க மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தும்.

மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின் வாங்கினால் இரவு முழுக்க மாட்டவேண்டும். ஏற்கெனவே இதய நோய், பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வில், மெஷினால் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். ஆனாலும் பகல் தூக்கம் குறைந்தது. அதனால் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மெஷினுக்காக நகையை அடகு வைத்தேன் என்று சொந்தக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். இவர் இப்போது தறியில் தூங்கி வழிவதில்லை, டாக்டரே ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார். நகையை மீட்கச் சேலை நெய்துகொண்டிருக்கிறோம், இரண்டு பேருமாக.