பால் பணமும் கடன் நோட்டும்

கேள்வி: சாணார்பட்டியில் நத்தம் ரோட்டோரம் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். கயிறு, வாளி, பிவிசி குழாயும் விற்கிறேன். வருஷத்துக்கு 60 லட்சம் வரை வியாபாரம் நடக்கும். ஜிஎஸ்டியில் காம்போசிஷன். அப்பா காலத்திலிருந்து எல்லாம் நோட்டில்தான். படிப்பை முடித்து வந்த மகள், "சாஃப்ட்வேர் வாங்கிடலாம்ப்பா" என்று நச்சரிக்கிறாள். ஒருவர் டேலி என்கிறார், இன்னொருவர் போனிலேயே போதும் என்கிறார். எதை வாங்கட்டும் ஐயா?

பதில்: வாங்குவது இருக்கட்டும். முதலில் உங்கள் கடன் நோட்டில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து மகளை வாசிக்கச் சொல்லுங்கள். பெயரும் தொகையும் மட்டுமா இருக்கும்? "பால் பணம் வந்ததும்", "புளி வித்ததும்", "மருமகன் தருவாரு" என்றெல்லாம் ஓரத்தில் எழுதியிருப்பீர்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். அவர்களைத் தெருவாலும் மாட்டு நிறத்தாலும் பிரித்து வைத்திருப்பீர்கள். சாஃப்ட்வேரோ செல்போன் நம்பரைக் கேட்கும். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நம்பர், ஆனால் கணக்கு தனித்தனி என்றால் என்ன செய்யும்? இதை விற்க வருகிறவரிடமே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் பெயர் எழுதவும், தமிழில் தேடவும், ஓரக் குறிப்பு போடவும் வழியில்லாத சாஃப்ட்வேர் உங்கள் கடைக்கு ஆகாது.

அடுத்தது வரி. உங்களுக்குக் காசு மிச்சமாகிற இடமும் இதுதான். காம்போசிஷனில் உள்ள வியாபாரி 1 சதவீதம் கட்டுவது வரிக்குரிய சரக்கின் விற்பனைக்கு மட்டும். மாட்டுத் தீவனத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 60 லட்சத்தில் தீவனம் மட்டும் 35 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 25 லட்சத்துக்கு 25,000 ரூபாய் கட்டினால் போதும். கயிறையும் தீவனத்தையும் பிரிக்காமல் மொத்த வசூலை ஒரே வரியில் எழுதி, 60,000 கட்டுகிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, சரக்குவாரியாக வரி உள்ளது, இல்லாதது என்று பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டிக் கொடுக்கிறதா என்று பாருங்கள்.

பில்லையும் கவனியுங்கள். காம்போசிஷன்காரர் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது. கொடுக்க வேண்டியது "பில் ஆஃப் சப்ளை". பில் போடும் ஆப்பில் ரெகுலர் என்ற அமைப்பு இருந்தால், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று தானே அச்சடித்துவிடும். வாங்கிய அன்றே காம்போசிஷன் என்று மாற்றி, ஒரு பில் அடித்து உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

கடனை நினைவூட்டும் மெசேஜைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு கடையிலிருந்து, துக்கம் விழுந்த வீட்டுக்கு மறுநாள் காலையே "தங்கள் பாக்கி ரூ. 2,340" என்று தானாகப் போய்விட்டது. அந்தப் பாக்கி வந்தது, ஆள் வரவில்லை. எப்போது கேட்கலாம், எப்போது கூடாது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

ரொக்கமும் ஜிபேயும் தனித்தனியாக ஏற வேண்டும். வருமான வரியில் உத்தேச லாபக் கணக்குப் போட்டால் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும் வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதமும் லாபமாகக் கொள்வார்கள். இ-இன்வாய்ஸ் 5 கோடிக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்கள் கவலை. அதற்கென்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பலரும் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று உண்டு. வருஷச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் பழைய கணக்கைத் திறக்க முடியுமா? ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி சட்டம். சந்தாவோ 12 மாதம். எல்லாவற்றையும் எக்செல்லாக இறக்க முடியாது என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

டேலி பிறந்த கதையும் உங்கள் வீட்டுக் கதை மாதிரிதான். 1986இல் பெங்களூரில், ஆலைகளுக்குச் சாமான் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் தொழிலுக்குத் தோதான கணக்கு சாஃப்ட்வேர் கிடைக்காமல் மகன் பரத்தை எழுதச் சொன்னார். அங்கே கேட்டது அப்பா, இங்கே மகள்.

ஆடிட்டர் டேலியில் வேலை செய்கிறார், மகளும் தினம் கடையில் உட்காருவாள் என்றால் டேலி சரி. கல்லாவில் நீங்கள் ஒருவர்தான், மூட்டையையும் நீங்களே இறக்கிக் கொடுக்க வேண்டும் என்றால் போன் ஆப்பே போதும். மாதம் ஒருமுறை எக்செல்லை ஆடிட்டருக்கு அனுப்பிவிடுங்கள். எதுவானாலும், காசு கொடுக்குமுன் உங்கள் கடையின் ஒரு சாயங்கால வியாபாரத்தை முழுதாக அதில் ஏற்றிப் பாருங்கள், நெட் போன நேரம் உட்பட.

ஏப்ரல் 1 அன்று பழைய பாக்கிகளை ஏற்றித் தொடங்குங்கள். மூன்று மாதம் நோட்டும் ஓடட்டும். ஜூலை 18க்குள் கட்ட வேண்டிய வரியை இரண்டிலும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். தொகை ஒத்துப்போனால் நாள்வழி நோட்டை மூடிவிடலாம். கடன் நோட்டை மட்டும் அடுத்த புளி சீசன் முடியும்வரை கல்லாவிலேயே வைத்திருங்கள்.