பொந்தியானில் இருந்தபடியே உலக ஆய்வுக் குழுவில் இடம்பிடிக்க 7 வழிகள்

பிசியோ, தாதிமை, சமூகப் பணி, பொதுச் சுகாதாரம் என எதைப் படித்திருந்தாலும் இது உங்களுக்குத்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு மருத்துவம் ஏன் எட்டவில்லை என்ற கேள்விக்கு உலக அளவில் கிராக்கி கூடியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, கணிசமான குறைபாட்டோடு வாழ்பவர்கள் 130 கோடிப் பேர்; ஆறில் ஒருவர். இவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடம் நிதி உண்டு, பெயரும் உண்டு. ஊருக்குள் கூட்டிப்போக ஆள்தான் இல்லை. அந்த ஆள் நீங்கள் என்றால், பேரம் பேசும் பலம் உங்கள் கையில்.

1. சின்ன ஊரை மறைக்காதீர்கள். நம் ஜொகூரிலேயே, சிகாமட்டில், மோனாஷ் பல்கலைக்கழகம் 2011 முதல் 'சீக்கோ' என்ற சமூக ஆய்வுத் தளத்தை நடத்துகிறது. அங்கே வீடு வீடாகத் தகவல் திரட்டுபவர்கள் உள்ளூர்க்காரர்கள். உங்கள் ரெஸ்யூமின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நேர்காணல் எடுப்பேன். கோலாலம்பூர் பட்டதாரிகள் பலரால் இதை எழுத முடியாது.

2. கேள்வி கேட்கப் பழகுங்கள். "உங்களுக்கு ஊனம் உண்டா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். ஊனத்தைக் கணக்கெடுக்கப் பயன்படும் வாஷிங்டன் குரூப்பின் ஆறு கேள்விகளில் அந்தச் சொல்லே கிடையாது. கண்ணாடி போட்டும் பார்க்கச் சிரமமா, நடக்க, படியேறச் சிரமமா என்றுதான் கேட்பார்கள். சிரமமே இல்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது என நான்கு பதில்கள். மலேசியச் சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வு இதே முறையில் வயது வந்தோரில் 11.1 விழுக்காட்டினரை அடையாளம் கண்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டைப் பதிவு கட்டாயமில்லை. அந்தப் பட்டியலை மட்டும் நம்பினால் பலர் விடுபடுவார்கள். ஆறு கேள்விகளையும் மூன்று மொழியிலும் சரளமாகக் கேட்கப் பயிற்சி எடுங்கள்.

3. பேப்பர் வேலையை முந்திக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ ஆய்வு செய்ய என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் நெறிக்குழுவின் ஒப்புதலும் வேண்டும். இதில்தான் வெளிநாட்டுக் குழுக்கள் திணறும். மருத்துவ ஆய்வு நடைமுறைக்கான ஜிசிபி சான்றிதழை இப்போதே எடுத்து வைத்தால், போட்டியாளர் படிவம் தேடும்போது நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

4. உள்ளூர் நிலவரத்தை ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். ஓகேயூ அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் கட்டண விலக்கு உண்டு. ஆனால் நிபுணரைப் பார்க்க பொந்தியானிலிருந்து ஜொகூர் பாரு போக வேண்டியிருந்தால், சுமார் 60 கிலோமீட்டர். வண்டிச் செலவு, கூட வருபவரின் ஒருநாள் சம்பளம் இரண்டுக்கும் யார் பொறுப்பு? லண்டன் பேராசிரியருக்கு இது தெரியாது. சொல்பவரை அவர் மறக்க மாட்டார்.

5. மாற்றுத்திறனாளிகளைத் தலைமையில் வையுங்கள். தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். அங்கே களப்பணியாளர்கள் வீட்டுக்கே போய், மாற்றுத்திறனாளிக் குழந்தையின் முன்னேற்றத்தைச் செயலியில் பதிகிறார்கள். கனடா ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து கட்டுரை வெளியிடுகிறார்கள். ஒழுங்கான பதிவேடு இருக்கும் இடத்துக்குக் கூட்டாளி வருவார். நம் ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையமான பிடிகேயில் தன்னார்வலராகச் சேர்ந்தால், அங்கிருந்தே பதிவேட்டுப் பழக்கத்தைத் தொடங்கலாம். நேர்காணலில் பராமரிப்பாளரிடம் பேசிவிட்டு எழுந்து வராதீர்கள்; சம்பந்தப்பட்டவரிடம் நேராகக் கேளுங்கள்.

6. பெயர் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். மருத்துவ இதழ்கள் பின்பற்றும் ஐசிஎம்ஜேஇ விதி ஆசிரியருக்கு நான்கு தகுதிகள் கேட்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி ஒப்புதல், முழுப் பொறுப்பு. தகவல் திரட்டியதோடு நின்றால் உங்கள் பெயர் நன்றியுரைக்குப் போய்விடும். எனவே தொடக்கத்திலேயே "ஆய்வு முறைப் பகுதியை நான் எழுதுகிறேன்" என்று கேட்டு, மின்னஞ்சலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்வார்த்தை செல்லாது.

7. மினிட்ஸ் எழுதும் வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். லண்டனுக்கும் நமக்கும் ஏழெட்டு மணி நேர வித்தியாசம். சூம் மீட்டிங் பெரும்பாலும் இரவில் அமையும். எல்லோரும் அலுத்துப்போகும் அந்த வேளையில், யார் எதை எப்போது முடிக்க வேண்டும் என்று எழுதி மறுநாள் காலையிலேயே அனுப்பிவிடுங்கள். நாலு மீட்டிங்கில் உங்களைக் கேட்காமல் எதுவும் நகராது.

இந்த வாரம் மூன்று வேலை: ஜிசிபி வகுப்புக்குப் பெயர் கொடுங்கள், ரெஸ்யூமின் முதல் வரியை மாற்றுங்கள், பக்கத்துப் பிடிகே மையத்துக்கு நேரில் போங்கள். நிதி வந்த பிறகு தயாராகலாம் என்று காத்திருப்பவருக்குக் கிடைப்பது, மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட வேலைதான்.