மேப் புள்ளிக்குச் சீட்டு ஒட்டலாம், வாங்க!

லீஃப்லெட்டில் மேப் போட்டு மார்க்கரும் குத்தியாச்சு, இனி ஒவ்வொன்றுக்கும் நம் சொந்த விவரம் சேர்க்கணும் என்று உட்கார்ந்திருக்கிறீர்களா? எங்கள் பகுதித் தெருக்குழாய்களை மேப்பில் ஏற்றியபோது கைவந்த சில்லறை வித்தைகள் இவை.

1. மார்க்கருக்கு ஒரு அரே, விவரத்துக்கு ஒரு அரே என்று பிரித்து வைத்து இன்டெக்ஸால் பொருத்தாதீர்கள். நடுவில் ஒரு மார்க்கரை அழித்தால் போதும், மல்லித்தூள் டப்பாவில் மிளகாய்த்தூள் சீட்டு கதைதான். விவரத்தை அந்த மார்க்கரிலேயே ஒட்டிவிடுங்கள்.

2. அவசரத்துக்கு, மார்க்கரின் ஆப்ஷன்ஸிலேயே 'குழாய்எண்: 7' என்று சேர்த்துவிடலாம், லீஃப்லெட் கேள்வி கேட்காது. கிளிக் ஆனதும் ஈவென்ட் டார்கெட்டின் ஆப்ஷன்ஸிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பெயரைத் தமிழிலேயே வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும், நடுவில் இடைவெளி மட்டும் விடாதீர்கள்.

3. ஃபைலாகச் சேமிக்கப்போகிறீர்கள் என்றால் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள்! ஒரு ஞாயிறு மதியம் முழுக்க நாற்பது குழாய்க்கு விவரம் அடித்தேன்; டுஜியோஜேசன் கொடுத்துத் திறந்து பார்த்தால் புள்ளிகள் எல்லாம் பத்திரம், பிராப்பர்ட்டீஸ் மட்டும் வெறும் அடைப்புக்குறி. டுஜியோஜேசன் ஆப்ஷன்ஸ் பக்கமே திரும்பாது, மார்க்கரின் ஃபீச்சரைத்தான் பார்க்கும். அதனால் மார்க்கர் போட்ட கையோடு அதற்கு ஒரு ஃபீச்சர் ஆப்ஜெக்ட் கொடுத்து, டைப்பையும் குறித்து, விவரத்தைப் பிராப்பர்ட்டீஸுக்குள் எழுதிவிடுங்கள்.

4. ஜியோஜேசன் ஃபைல் ஏற்கெனவே கையில் இருந்தால் இந்தப் பாடே இல்லை. பிராப்பர்ட்டீஸ் தானாக மார்க்கரோடு வந்துவிடும். கிளிக், பாப்அப் எல்லாவற்றையும் ஆன்ஈச்ஃபீச்சரில் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம்.

5. லீஃப்லெட்டில் அட்சரேகை முதலில், ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில். ஜியோஜேசன் ஃபைலில் மதுரைக்கு 78.12, 9.92 என்று எழுத வேண்டியதை மாற்றி எழுதினால், குழாய் ஸ்வால்பார்டு தீவுப் பக்கம் பனிக்கடலில் நிற்கும். புள்ளிகளைக் காணோம் என்றால் கோடிங்கைத் திட்டுவதற்கு முன் மேப்பை வடக்கே நகர்த்திப் பாருங்கள்.

6. பைண்ட்பாப்அப்புக்கு எழுத்தாகக் கொடுக்காமல் ஒரு ஃபங்ஷனாகக் கொடுங்கள். திறக்கும்போதெல்லாம் அது புதிதாக ஓடும். பிறகு விவரத்தைத் திருத்தினாலும் பாப்அப்பை மறுபடி கட்ட வேண்டாம்.

7. ஊரார் அடித்து அனுப்பிய எழுத்தை அப்படியே பாப்அப்பில் கொட்டாதீர்கள், அது ஹெச்டிஎம்எல்லாகவே ஓடும். ஒரு டிவ் செய்து டெக்ஸ்ட்கன்டென்ட்டில் போட்டுக் கொடுங்கள். இரண்டே வரி வேலை.

8. டுஜியோஜேசன் தசமத்துக்குப் பின் 6 இலக்கம் வைக்கும். அடைப்புக்குறிக்குள் 5 என்று கொடுங்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம், தெருக்குழாய்க்கு அது தாராளம். கோடு, எல்லை என்று நிறைய வரைபவர்களுக்கு ஃபைலும் நன்றாக இளைக்கும்.

9. ஆர்க்ஜிஐஎஸ் வீட்டுக்காரர்களுக்கு: கிராஃபிக்ஸ்லேயரில் ஒவ்வொரு கிராஃபிக்கும் தன் இஷ்டத்துக்கு ஆட்ரிபியூட்ஸ் வைத்துக்கொள்ளலாம். அதையே ஃபீச்சர்லேயருக்கு மாற்றும்போது ஃபீல்ட்ஸ் பட்டியலிலும் பெயர் கொடுங்கள். கொடுக்காத பெயர் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

10. மேப்லிப்ரேயில் பிராப்பர்ட்டீஸுக்குள் இன்னொரு ஆப்ஜெக்டைச் செருகினால், கிளிக்கில் அது வெறும் எழுத்துச்சரமாகத்தான் திரும்பி வரும். ஜேசன் பார்ஸ் செய்தால் பழையபடி ஆகிவிடும். நான் அந்த வம்புக்கே போவதில்லை, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் பரப்பி வைத்துவிடுகிறேன்.